தட்டில் கிடக்கும் தாள் யாருடையது?

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் குடும்பத்தைப் பஸ் ஸ்டாண்டிலேயே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். கையில் ஒரு துணிக்கடைக் கட்டைப்பை இருக்கும். உள்ளே துணி இருக்காது. எக்ஸ்ரே கவர், ஸ்கேன் ஃபிலிம், மூன்று ஊர் லேப் ரிப்போர்ட், மங்கிப்போன இ.சி.ஜி., எந்த டாக்டர் எழுதியது என்றே தெரியாத மருந்துச் சீட்டு... ஒரு மனிதரின் பத்து வருட உடம்பு மொத்தமும் அந்தப் பைக்குள் மடங்கிக் கிடக்கும்.

"இனிமே பை எல்லாம் வேணாம்மா. எல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துடும்" என்று கவுன்ட்டரில் சொல்கிறார்கள். மத்திய அரசு 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் சொல்வதும் அதைத்தான். அதன் கீழ் 14 இலக்க 'ஆபா' எண் வாங்கியவர்களின் எண்ணிக்கை 70 கோடியைத் தாண்டிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி, சின்ன நர்சிங் ஹோம் என்று வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் புது சாஃப்ட்வேர் வாங்குகிறார்கள்.

வாங்குவதற்கு முன்பு ஒரு மீட்டிங் நடக்கும். நிர்வாகி, சீனியர் டாக்டர், அக்கவுன்ட்ஸ் மேனேஜர், கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர், லேப்டாப்போடு வந்திருக்கும் கம்பெனி ஆட்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். பல இடங்களில் ஒருவரை மட்டும் கூப்பிட மறந்துவிடுவார்கள். அவர் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்குப் பின்னால் இருக்கும் அறையில், பைல்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். போர்டில் 'எம்.ஆர்.டி.' என்று இருக்கும். அதாவது மருத்துவ ஆவணப் பிரிவு. ஆஸ்பத்திரிக்குள் எல்லோரும் சொல்வது 'ரெக்கார்டு ரூம்'.

அங்கே இருப்பவர் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் ஆபீசர். இன்றைய புதுப்பெயர், ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜர். இந்த வாரம் அவரைப் பற்றித்தான்.

கடைசி இரண்டு எண்

பழைய பைல்களைத் தூசி தட்டி அடுக்கி வைக்கும் இடம் என்றுதான் ரெக்கார்டு ரூமைப் பலரும் நினைக்கிறார்கள். அடுக்குவதிலேயே ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லட்சக்கணக்கான பைல்கள். 1, 2, 3 என்று வரிசையாக அடுக்கினால் என்ன ஆகும்? புதிய நோயாளிகளின் பைல் எல்லாம் கடைசி அலமாரியிலேயே குவியும். பத்து ஊழியர்களும் அந்த ஒரே அலமாரி முன்னால் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் பல ஆஸ்பத்திரிகளில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து அடுக்குகிறார்கள். 456723 என்றால் முதலில் 23-ம் பகுதிக்குப் போக வேண்டும். 00 முதல் 99 வரை 100 பகுதிகள். தினமும் வரும் புது பைல்கள் எல்லாப் பகுதிகளிலும் சமமாகப் பரவும். பைலின் ஓரத்தில் எண்ணுக்கு ஒரு கலர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், தப்பான இடத்தில் சொருகிய பைல் தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

பைலை டாக்டருக்கு அனுப்பினால், அது இருந்த இடத்தில் ஓர் அட்டையைச் சொருகி வைப்பார்கள். யார் வாங்கினார், எந்த வார்டு, என்ன தேதி என்று அதில் இருக்கும். நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதும் கேஸ் ஷீட் இங்கே வரும். டாக்டரின் கையெழுத்து இருக்கிறதா, ஆபரேஷன் நோட் இருக்கிறதா, சம்மதப் படிவத்தில் வீட்டார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, குறை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். சீனியர் டாக்டருக்கே "சார், மூணு கேஸ் ஷீட்ல உங்க கையெழுத்து பாக்கி" என்று நினைவுபடுத்தும் தைரியம் அந்த அறை ஆட்களுக்குத்தான் உண்டு.

அந்த அறையில் இன்னொரு முக்கியமான பொருள், மேஜை ஓரத்தில் இருக்கும் ஒரு தட்டு. நோயாளி வீட்டுக்குப் போனபிறகு வந்து சேரும் பயாப்ஸி ரிப்போர்ட், எண் தப்பாக எழுதப்பட்ட ரத்தப் பரிசோதனைத் தாள், பெயர் பாதி அழிந்த எக்ஸ்ரே ரிப்போர்ட் எல்லாம் அந்தத் தட்டில்தான் விழும். யாருடையது என்று தெரியாத தாள்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, வார்டுக்கு போன் போட்டு, அட்மிஷன் ரிஜிஸ்டரைப் புரட்டி, உரியவரின் பைலில் சேர்ப்பதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். சலிப்பான வேலைதான். ஆனால், அந்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'புற்றுநோய்' என்று எழுதியிருந்து, அது தட்டிலேயே கிடந்தால்?

கம்ப்யூட்டர் வந்தால் அலமாரி போய்விடும், கலர் ஸ்டிக்கர் போய்விடும். தட்டு மட்டும் போகாது. திரைக்குள் எங்கேயோ ஓர் இடத்துக்கு மாறிவிடும், அவ்வளவுதான். அது எங்கே இருக்கிறது, யார் தினமும் காலி செய்கிறார்கள் என்று கேட்கத் தெரிந்தவர் மீட்டிங்கில் இருக்கிறாரா என்பதுதான் விஷயம்.

11,000 சீட்டுகள் போன இடம்

அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் இதை அப்படியே காட்டுகிறது. அங்கே முன்னாள் படைவீரர்களுக்கென்று அரசு தனி ஆஸ்பத்திரிகளை நடத்துகிறது. பல ஆண்டுகளாக இருந்த பழைய கம்ப்யூட்டர் பதிவை மாற்ற, 2018-ல் சுமார் 10 பில்லியன் டாலருக்கு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். புதிய முறை முதலில் வந்த இடம், வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் உள்ள மான்-கிராண்ட்ஸ்டாஃப் ஆஸ்பத்திரி. நாள், 2020 அக்டோபர் 24.

டாக்டர் திரையில் ஒரு சீட்டு எழுதுவார். 'இவருக்கு எக்ஸ்ரே எடுக்கவும்', 'இவரை மனநல மருத்துவரிடம் அனுப்பவும்' என்பது போல. அது தானாக அந்தப் பிரிவுக்குப் போய்ச் சேர வேண்டும். எந்தச் சீட்டு எந்தப் பிரிவுக்கு என்ற பொருத்தத்தை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருப்பார்கள். அந்தப் பொருத்தம் சரியாக இல்லாத சீட்டுகள் எங்கே போயின தெரியுமா? 'தெரியாத வரிசை' என்று ஓர் இடத்துக்கு. சீட்டு அங்கே விழுந்தது என்று டாக்டருக்கு ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. அவரைப் பொறுத்தவரை பட்டனை அழுத்தியாயிற்று, வேலை முடிந்தது. எக்ஸ்ரே பிரிவைப் பொறுத்தவரை சீட்டே வரவில்லை. நோயாளி, "கூப்பிடுவார்கள்" என்று வீட்டில் காத்திருந்தார்.

2021 ஜூன் வரை இப்படிப் போன சீட்டுகள் 11,000-க்கு மேல். 2022 ஜூலையில் அந்தத் துறையின் கண்காணிப்பு அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, நோயாளிகளுக்குப் பாதிப்பு ஏற்பட்ட 149 சம்பவங்களைக் குறிப்பிட்டது. அதில் ஒருவர், வீடில்லாதவர், தற்கொலை எண்ணம் இருப்பதாக ஏற்கெனவே அறியப்பட்டவர். அவருக்கான மனநலத் தொடர் சிகிச்சைச் சீட்டு அந்த வரிசையில் விழுந்துவிட்டது. பின்னர் அவரே நெருக்கடி உதவி எண்ணை அழைக்க வேண்டியதாயிற்று. 2023 ஏப்ரலில், புதிய இடங்களுக்கு அந்த சாஃப்ட்வேரைக் கொண்டுபோவதை அமெரிக்க அரசு நிறுத்தி வைத்தது.

அந்த வரிசை இருப்பதைப் பற்றி, ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களுக்கு முறையாகச் சொல்லப்படவே இல்லை என்பது அறிக்கையின் முக்கியமான குற்றச்சாட்டு. புரோகிராம் எழுதியவரின் பார்வையில் அந்த வரிசை ஒரு தவறே அல்ல. போக இடமில்லாத தகவல் தொலைந்துவிடாமல் இருக்க ஓர் ஏற்பாடு. ரெக்கார்டு ரூம் தட்டும் அதே ஏற்பாடுதான். ஒரே வித்தியாசம், இங்கே தட்டுக்கு முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஸ்போகேனில் தட்டு மட்டும் இருந்தது.

எத்தனை செல்வி?

அமெரிக்காவில் பிரச்னை சீட்டில் என்றால், நம் ஊரில் அது பெயரிலேயே ஆரம்பித்துவிடும்.

வெளிநாட்டு மாதிரியில் செய்த பல சாஃப்ட்வேர்கள் 'ஃபர்ஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்' என்று இரண்டு கட்டம் காட்டும். இரண்டையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் போகும். தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்று இருக்கும், அவ்வளவுதான். கவுன்ட்டரில் இருப்பவர் என்ன செய்வார்? ஒரு நாள் இனிஷியலை இரண்டாவது கட்டத்தில் போடுவார். இன்னொரு நாள் அப்பா பெயரை முழுதாகப் போடுவார். க்யூ வாசல் வரை நின்றால், ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

செல்வி என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு முன்பு ம.செல்வி. கல்யாணத்துக்குப் பிறகு க.செல்வி. ஆதாரில் செல்வி கணேசன். பள்ளிக்கூடச் சான்றிதழில் தமிழ்ச்செல்வி. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'ழ' வருகிறதே, அதற்கு ஒருவர் 'எல்' போடுவார், இன்னொருவர் 'இசட் எச்' போடுவார். கடைசி எழுத்துக்கு ஒருவர் 'ஐ', இன்னொருவர் இரண்டு 'இ'. வயது கேட்டால், "அம்பது அம்பத்தஞ்சு இருக்கும், போட்டுக்குங்க" என்பார் கூட வந்தவர். போன் நம்பர் மகனுடையது. அதே நம்பரில் மாமனார், மாமியார், பேரக்குழந்தை என்று இன்னும் மூன்று பேர் பதிவாகியிருப்பார்கள்.

விளைவு, ஒரே செல்விக்கு அந்த ஆஸ்பத்திரியில் மூன்று எண்கள். சர்க்கரை நோய்க்கு ஓர் எண், கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஓர் எண், போன வாரம் வந்த மயக்கத்துக்கு ஓர் எண். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு இரண்டாவது எண்ணில் இருக்கிறது. டாக்டர் திறந்து பார்ப்பது மூன்றாவதை.

இதையாவது கண்டுபிடித்துச் சேர்த்துவிடலாம். இதற்கு நேர் எதிரான தவறுதான் பயங்கரம். இரண்டு செல்விகள் ஒரே எண்ணில் கலந்துவிடுவது. ஒரே பெயர், கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே தெரு. 'ஏற்கெனவே பதிவில் இருக்காங்க' என்று கவுன்ட்டரில் அந்தப் பழைய எண்ணையே கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எந்த ரத்தப் பரிசோதனை யாருடையது, எந்த ரத்த வகை யாருக்கு என்று பிரித்தெடுப்பது, கலந்த அரிசியையும் பருப்பையும் பிரிப்பதைவிடக் கஷ்டம். அரிசியும் பருப்பும் கண்ணுக்காவது வேறாகத் தெரியும்.

இதனால்தான், பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்குத் தகவலை மாற்றும் முன்பு, இரட்டைப் பதிவுகளைத் தேடிச் சுத்தம் செய்யுங்கள் என்று ரெக்கார்டு ரூம் ஆட்கள் கெஞ்சுவார்கள். கம்பெனி ஆட்களுக்கு அது தாமதம். "முதல்ல ஏத்திடுவோம் சார், அப்புறம் பார்த்துக்கலாம்." இந்த 'அப்புறம்' பெரும்பாலும் வருவதே இல்லை. குப்பையையும் சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டு புது வீட்டுக்குக் குடிபோவது போலத்தான்.

எண் ஒட்டிக்கொண்டே வந்தால் எவ்வளவு உதவும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் 'பிக்மி' எண்ணை எந்தத் தாயும் மறக்க மாட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும்போதும் அதுதான், பிரசவத்தின்போதும் அதுதான். அந்த எண்ணைக் கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து கேட்பார். எண்ணோடு ஒரு மனிதரும் சேர்ந்து வருவதால்தான் அது வேலை செய்கிறது.

நைட்டிங்கேலின் புலம்பல்

இந்தத் துறை நேற்று முளைத்ததல்ல. கைவிளக்கு ஏந்திய பெண்மணி என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், அவர் 1863-ல் ஆஸ்பத்திரிகள் பற்றி எழுதிய புத்தகத்தில், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும்படியான மருத்துவப் பதிவுகள் கிடைப்பதே அரிதாக இருக்கிறது என்று நொந்துகொண்டார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் பதிவுகளைக் கவனித்துக்கொண்ட கிரேஸ் வைட்டிங் மையர்ஸ், 1928-ல் இந்த வேலையில் இருந்தவர்களைச் சேர்த்து ஒரு சங்கமே தொடங்கினார். நூலகரைப் போல 'ரெக்கார்டு லைப்ரேரியன்' என்பதுதான் அன்று அவர்களுக்குப் பெயர்.

இந்தியாவில் வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் இந்தத் துறைக்கென்றே பல ஆண்டுகளாகப் பயிற்சி நடக்கிறது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், பிசியோதெரபி போன்ற தொழில்களோடு சேர்த்து ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட்டையும் தனி வகையாகப் பட்டியலில் வைத்திருக்கிறது. சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. மீட்டிங்கில் நாற்காலி கிடைப்பதுதான் இழுபறி. சிறிய நர்சிங் ஹோம்களில் பில் போடுபவரேதான் ரெக்கார்டுக்கும் ஆள்.

கோழி கொத்தியதற்கும் ஒரு குறியீடு

சென்னை, கோவை, திருச்சி பக்கம் 'மெடிக்கல் கோடிங்' வேலை பார்ப்பவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கலாம். பயாலஜி, நர்சிங், பார்மஸி படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இந்த வேலையில் இருக்கிறார்கள். அமெரிக்க டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடுவது அவர்கள் வேலை. இன்ஷூரன்ஸ் பணம் அதை வைத்துத்தான் கிடைக்கும்.

இந்த நோய்க் குறியீட்டுப் பட்டியலுக்கு மூலம், பிரான்ஸின் ஜாக் பெர்ட்டியோன் 1893-ல் முன்வைத்த மரணக் காரணங்களின் பட்டியல். இப்போது உலக சுகாதார நிறுவனம் அதைப் பராமரிக்கிறது. 11-வது பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா 9-வதிலிருந்து 10-வதுக்கு மாறியதே 2015 அக்டோபர் 1 அன்றுதான். சுமார் 14,000 ஆக இருந்த நோய்க் குறியீடுகள் ஒரே நாளில் சுமார் 69,000 ஆயின. கோழி கொத்தினால் ஒரு குறியீடு, விமான இன்ஜின் உள்ளே இழுத்துவிட்டால் ஒரு குறியீடு என்று அப்போது ஊரே சிரித்தது. ஆனால், மாற்றம் பெரிய விபத்தில்லாமல் முடிந்தது. 2013-ல் நடக்க வேண்டியதை இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள். அந்த இடைவெளியில் கோடிங் ஆட்களுக்குப் பயிற்சி நடந்தது. பல ஆஸ்பத்திரிகளில் ஒரே கேஸுக்குப் பழைய குறியீடும் புதிய குறியீடும் போட்டுப் பழகினார்கள். தகவலைக் கையாளும் ஆட்களை முன்னால் விட்டு நடத்திய மாற்றம் எப்படி இருக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

குறியீடு என்பது பணத்துக்கு மட்டுமல்ல. புது சாஃப்ட்வேரில் 'நோய்' என்ற இடத்தில் ஒரு பட்டியல் விரியும். அதில் முதலில் 'காய்ச்சல்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெங்கு எங்கேயோ கீழே, விரலால் நான்கு முறை தள்ளினால்தான் வரும். மழைக்கால ஓ.பி.யில் ஒரு டாக்டர் முன்னால் 100 பேர் நிற்கிறார்கள். அவர் எதைத் தொடுவார்? முதலில் இருப்பதைத்தான். அந்த மாதக் கணக்கில் அந்த ஊரில் 'காய்ச்சல்' ஏராளமாக இருக்கும், டெங்கு குறைவாக இருக்கும். கொசு மருந்து அடிக்க வேண்டிய தெருவை அந்தக் கணக்கு காட்டாது. பட்டியலில் எது மேலே, எது கீழே, 'மற்றவை' என்ற கட்டத்தை வைக்கலாமா வேண்டாமா என்பதெல்லாம் டிசைன் செய்பவருக்கு அழகு பற்றிய கேள்வி. கோடிங் தெரிந்தவருக்கு அது ஊரின் ஆரோக்கியம் பற்றிய கேள்வி.

இன்னொரு தொல்லை, காப்பி-பேஸ்ட். நேற்றைய குறிப்பை அப்படியே இன்றைக்கு ஒட்டிவிடுவது. கையால் எழுதும்போது சோம்பேறித்தனம் இரண்டு வரியோடு நின்றுவிடும். கம்ப்யூட்டரில் அது பத்து பக்கம் போகும். 'வலது முழங்கால்' என்று முதல் நாள் தப்பாக விழுந்தது, டிஸ்சார்ஜ் வரை வலது முழங்காலாகவே பயணம் செய்யும், இன்ஷூரன்ஸ்காரர் 'ஆபரேஷன் நடந்தது இடது முழங்காலில்தானே?' என்று திருப்பி அனுப்பும் வரை.

சர்வர் படுத்த நாள்

2022 நவம்பர் 23 காலையில் டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் ரேன்சம்வேர் தாக்குதலில் முடங்கின. நாட்டின் மிகப் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்று. ஓ.பி. பதிவு, அட்மிஷன், லேப் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் எல்லாம் பல நாள்களுக்குப் பேனாவும் பேப்பருமாக நடந்தன.

அப்படிப்பட்ட நாளில் முதலில் தேடப்படும் ஆள் யாராக இருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. கரன்ட் போனாலும் சர்வர் போனாலும் பயன்படுத்த, அச்சடித்த படிவங்கள் வார்டில் இருக்க வேண்டும். அதில் போட, ஏற்கெனவே கொடுத்த எதனோடும் மோதாத தற்காலிக எண்கள் தயாராக இருக்க வேண்டும். சர்வர் உயிர் பெற்றதும், அந்தக் காகிதத்தில் உள்ளதை எல்லாம் உரியவரின் கணக்கில் ஏற்ற வேண்டும். இந்த மூன்றாவது வேலையைத்தான் பலரும் மறப்பார்கள். சர்வர் சரியான சந்தோஷத்தில், இடைப்பட்ட நாள்களின் காகிதம் மூட்டையாகக் கட்டப்பட்டு மூலைக்குப் போய்விடும். அந்த நாள்களில் உங்களுக்குக் கொடுத்த ஊசி, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை கொடுக்கப்படாத ஊசி.

பழைய பைல்களை ஸ்கேன் செய்து ஏற்றுவதிலும் இதே கதைதான். பக்கத்துக்கு இத்தனை காசு என்று வெளியாட்களிடம் கான்ட்ராக்ட் விடுவார்கள். 200 பக்கக் கேஸ் ஷீட் ஒரே நீளமான பி.டி.எஃப். ஆக உள்ளே போகும். எது ஆபரேஷன் நோட், எது சாப்பாட்டு பில் என்று பிரித்துப் பெயர் போடாமல் ஏற்றினால், நள்ளிரவில் கேஷுவாலிட்டியில் இருக்கும் டாக்டர் 200 பக்கத்தையும் தள்ளிப் பார்ப்பாரா? பார்க்க மாட்டார். மறுபடியும் எல்லா டெஸ்ட்டும் எழுதிக் கொடுப்பார். செலவு உங்களுக்கு.

யார் திறந்து பார்த்தார்கள்?

காகிதக் காலத்தில் ஒருவரின் கேஸ் ஷீட்டைப் பார்க்க, ரெக்கார்டு ரூம் வரை நடந்துபோய்க் காரணம் சொல்ல வேண்டும். இப்போது பெயரைத் தட்டினால் போதும். பக்கத்து வீட்டுப் பெண் எதற்கு அட்மிட் ஆனாள், மாப்பிள்ளை பார்க்கும் பையனுக்கு ஏதாவது வியாதி உண்டா என்ற ஆர்வத்துக்கு ஆஸ்பத்திரி ஊழியர்கள் மட்டும் விதிவிலக்கா என்ன?

அதனால், எந்த வேலையில் இருப்பவர் எந்தப் பக்கம் வரை பார்க்கலாம் என்று வரையறுப்பதும், யார் எப்போது திறந்தார் என்ற தடத்தை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதும் ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜரின் பொறுப்பு. பைல் இருந்த இடத்தில் சொருகிய அந்தப் பழைய அட்டையின் புது வடிவம் இது. தடம் தானாகப் பதிவாகும். அதை உட்கார்ந்து படிக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் உண்டா என்று டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தபிறகாவது ஆஸ்பத்திரிகள் யோசிக்க வேண்டும்.

கவுன்ட்டரில் நிற்கும் உங்களுக்கு

இதில் நோயாளியின் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. ஆதாரில் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்துகளில், அதே இனிஷியலோடு ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லுங்கள். பிறந்த தேதி தெரிந்தால் தேதியைச் சொல்லுங்கள், 'இருக்கும்' வேண்டாம். போன் நம்பர் மகனுடையது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். பழைய ஓ.பி. சீட்டு தொலைந்துவிட்டது என்று புதிதாகப் பதிவு செய்யாமல், "ஏற்கெனவே வந்திருக்கிறோம், தேடிப் பாருங்கள்" என்று கேளுங்கள். க்யூவில் பின்னால் நிற்பவர் முறைப்பார். பரவாயில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும், பில்லைப் பார்க்கும் அதே கவனத்தோடு அதையும் படியுங்கள். பெயர், வயது, ரத்த வகை, இடதா வலதா, ஒத்துக்கொள்ளாத மருந்து. தப்பு இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் வெளியிட்ட மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகளின்படி, பதிவு ஆஸ்பத்திரியின் பொறுப்பில் இருந்தாலும் அதிலுள்ள உங்களைப் பற்றிய தகவல் உங்களுக்குச் சொந்தமானது.

உள்நோயாளியாக இருந்தவர் தன் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிமுறைகள். எழுத்தில் கேளுங்கள், வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதே விதிமுறைகள் அந்த ஆவணங்களைப் பாதுகாக்கச் சொல்வது, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குத்தான். இதயத்தில் ஸ்டென்ட், முழங்காலில் செயற்கை மூட்டு, கண்ணில் லென்ஸ் வைத்தவர்கள் அந்தக் கேஸ் ஷீட்டின் நகலையும், பொருத்திய கருவியின் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தையும் மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் ரெக்கார்டு ரூமில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. மாடிப்படிக்குப் பின்னால் இருக்கும் அந்த அறைதான். வழி தெரியாவிட்டால் வாசலில் செக்யூரிட்டியிடம் கேட்டால் காட்டுவார்.